பட்டியலிலிருந்து பெட்டியை எடுக்க எந்த வழி?

இந்தியாவின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் திறக்கப்பட்டது. ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்துக் கணினி மாணவர்களுக்குக் கன்டெய்னர் யார்டு கைக்கெட்டிய புராஜெக்ட். வந்த தேதியையும் 11 எழுத்து-எண் கொண்ட பெட்டி எண்ணையும் ஜோடியாக்கி சி++ 'செட்'டில் போட்டால், தேதிவாரியாக அதுவே அடுக்கிக்கொள்ளும்.

ஒரு பெட்டியை மட்டும் நீக்க, மதிப்பைக் கொடுத்து 'எரேஸ்' செய்யலாம். இட்டரேட்டர் கையில் இருந்தால் தேடும் வேலையும் மிச்சம். இதில் யாரும் தடுமாறுவதில்லை.

மொத்தமாக நீக்கும்போதுதான் ஃபேஷன் குறுக்கே வருகிறது. சி++20 தந்த 'எரேஸ்-இஃப்' ஒரே வரி. இன்டர்வியூவில் எடுபடும் என்கிறார் சீனியர். "புதுசா வந்ததைப் படி, வேலை அதுலதான்" என்று வீட்டிலும் நெருக்குகிறார்கள். மார்ச் 1-க்கு முன் வந்தவற்றை நீக்கச் சொன்னால், அந்த ஒரு வரி பட்டியலிலுள்ள எல்லாப் பெட்டிகளையும் தொட்டுப் பார்க்கும். 1,00,000-இல் 300 மட்டுமே பழையவை என்றாலும் அப்படித்தான். அப்புறம் எதற்குத் தேதிவாரியாக அடுக்கினோம்? 'லோயர் பவுண்ட்' சில பத்து ஒப்பீடுகளில் மார்ச் 1-இன் எல்லையைப் பிடித்துவிடும். தொடக்கத்திலிருந்து அதுவரை ரேஞ்ச் எரேஸ் செய்தால், தொடவேண்டியது அந்த 300-ஐத்தான். குறிப்பிட்ட கம்பெனியின் முன்னெழுத்து கொண்ட பெட்டிகளை நீக்குவதானால் கதை வேறு. அந்த நிபந்தனைக்கும் தேதி வரிசைக்கும் ஒட்டுறவில்லை. அங்கே எரேஸ்-இஃப் நியாயம்தான்.

கட்டுரையாளருக்கோ இன்னமும் வைல் லூப் மேல்தான் பிரியம். சி++11 முதல் எரேஸ், நீக்கியதற்கு அடுத்த இட்டரேட்டரைத் திருப்பித் தருகிறது. நீக்குமுன் அச்சிடலாம், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம்.

தேதியை மட்டும் வைத்த 'மல்டிசெட்' என்றால் உஷார்: மதிப்பைக் கொடுத்து எரேஸ் செய்தால் அந்தத் தேதிக்குரிய அத்தனையும் போய்விடும். ஒன்று போதுமென்றால் 'ஃபைண்ட்' தரும் இட்டரேட்டரைக் கொடுக்கவேண்டும்.

நிரல் எழுதுவது எல்லோருக்கும் ஒத்துவராது. பக்கத்துவீட்டுப் பையன் சேர்ந்தான் என்பதற்காகச் சேர்பவர்கள் முதல் பிழையிலேயே சலித்துவிடுகிறார்கள். மனம் இதில் ஒட்டியவர்கள் அவசரப்படாமல் 'செட்' உள்ளுக்குள் வழக்கமாக அடுக்குவதுபோல் 10 பெட்டிகளைத் தாளில் மரமாக வரைந்து, ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கலாம். ரேஞ்ச்-ஃபார் லூப்புக்குள் எரேஸ் எழுதுபவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும். நீக்கிய முனையிடமே அடுத்தது எங்கே என்று கேட்கும் அந்த நிரல், லேபில் ஒழுங்காக ஓடிவிட்டு வைவா அன்று கவிழக்கூடும்.