பழைய ரயில் தடத்தில் ஒரு நாள் நடை

நம் டாலிகஞ்ச் அன்பர்கள் சிலர், விடுமுறையில் ஊருக்குப் போகும்போது குழுவாக மூணாறு மலையில் நடந்துவர விரும்புகிறார்கள். ரயில்வேயில் பணியாற்றியவன் என்ற முறையில் சில குறிப்புகள்.

1908 முதல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு இரண்டடி அகல ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் சென்றன. 1924 ஜூலை வெள்ளம் பாதையை அழித்தது, மீண்டும் போடவில்லை.

பழைய தடத்தை அறிவது எப்படி? இரும்புச் சக்கரம் செங்குத்தில் வழுக்கும். ஆகவே ரயில் தடம் மலையைச் சுற்றிச் சீரான சரிவில் செல்லும். நடக்க எளிது. ஆனால் ஓடை குறுக்கிட்டால் பாலம் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

டாப் ஸ்டேஷனுக்குக் கீழே குரங்கணி. அங்கே 2018 மார்ச் 11-இல் மலையேறச் சென்ற குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காய்ந்த புல்லில் தீ மனிதனைவிட வேகமாக ஏறும். எனவே கோடையில் செல்லவேண்டாம். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம்.

கடைசிப் பெட்டியின் அடையாளத்தைக் கண்ட பிறகே, வண்டி முழுதாக வந்தது என்று ஸ்டேஷன் மாஸ்டர் கொள்வார். நீங்களும் பொறுப்பான ஒருவரைக் கடைசியில் நடக்கவிடுங்கள். அவர் வந்து சேர்ந்தால்தான் குழு வந்து சேர்ந்ததாகும்.