பெற்றோல் மானி பொய் கூறுமிடத்து

பரந்தனிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குச் சுரத்தோடு கிடந்த பிள்ளை ஒன்றை ஏற்றிக்கொண்டு ஓர் இரவு வந்தோம். வண்டி 1952 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒஸ்ரின் ஏ 40 சொமசெற் வகையைச் சார்ந்தது. ஆனையிறவு வெளியிலே இயந்திரம் இருமுறை இருமி நின்றுவிட்டது. பெற்றோல் மானியின் முள்ளோ தாங்கி நிறைந்துள்ளதெனக் காட்டியவண்ணம் இருந்தது. அதனை நம்பிக் காபரேற்றரையும் பம்பையும் கழற்றிப் பார்ப்பதில் முக்கால் மணி நேரத்தை வீணாக்கினோம். பின்னே வந்த வான்காரர் ஒருவர் பிள்ளையை ஏற்றிச் சென்றதனால் அது நலம் பெற்றது. விடிந்தபின் தாங்கியைத் திறந்து நோக்கினோம்; அதில் ஒரு துளியும் இல்லை.

பழுதுற்ற மானி வெறுமை காட்டாது நிறைவு காட்டியது ஏன்? கல்லூரி ஆய்கூடத்தில் ஓமின் விதியைப் பயின்ற நமக்கு இதனை விளங்குதல் அரிதன்று. அக்காலத்து ஆங்கிலக் கார்களின் மானியுள் இரு கம்பிச்சுருள்கள் உள. ஒன்று முள்ளை வெறுமைப் பக்கமாகவும் மற்றது நிறைவுப் பக்கமாகவும் இழுக்கும். மின்னோட்டம் முதலாவது சுருளைக் கடந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை இரண்டாவது சுருளினூடாக வண்டியின் உடலைச் சேரும். மறு கிளை நீண்ட வயர் வழியே தாங்கிக்குச் சென்று, அங்கு மிதவையோடு அசையும் மின்தடையினூடாக உடலைச் சேரும். தாங்கி வெறிதாயின் அத்தடை பூச்சியம். மின்னோட்டம் முழுவதும் அவ்வழியே ஓடிவிட, இரண்டாவது சுருள் வலுவிழக்கும். தாங்கி நிறையுந்தோறும் தடை ஏறத்தாழ 70 ஓம் வரை உயரும். இரண்டாவது சுருள் வலுப்பெற்று முள்ளை நிறைவுக்கு இழுக்கும். வயர் அறுந்தாலோ தடை எல்லையற்றதாகின்றது. மானிக்கு அது நிறைந்த தாங்கியினின்றும் வேறாகத் தோன்றுவதில்லை. வெறுமை காட்டிப் பழுதாகும் மானி நம்மை வீணே பெற்றோல் நிலையத்துக்கு அனுப்பும். இதுவோ நடுவழியில் விட்டுவிடும்.

சோதிக்கும் முறை எளிது. ஆயின் நெருப்புக்கு அஞ்சியே செய்தல் வேண்டும். வெறுந்தாங்கியில் நிற்கும் ஆவி, நிறைந்த தாங்கியிலும் அபாயமானது. வண்டியை வெளியே நிறுத்தித் தாங்கியின் மூடியை இறுக மூடுக. சுருட்டுப் பிடிப்போரை அயலில் நிற்க விடலாகாது. பின் திறப்பைப் போட்டுத் தாங்கியிலுள்ள வயரைக் கழற்றினால் முள் நிறைவுக்கு ஏறவேண்டும். திறப்பை மூடி, அவ்வயரின் நுனியைத் தாங்கிக்குத் தொலைவிலே துலக்கிய உடல் இரும்பில் கட்டி, மீண்டும் திறப்பைப் போட்டால் முள் வெறுமைக்கு இறங்கவேண்டும். இரண்டும் நிகழின் மானியும் வயரும் நன்று. குற்றம் தாங்கிப் பக்கத்தது. முள் இறங்காவிடின் மானியின் பின்புறத்தில் 'ரி' எனக் குறித்த முனையை அவ்வாறே உடலோடு இணைத்துப் பார்க்குக. அங்கு இறங்கினால் இடையிலுள்ள வயரே அறுந்தது. முள் எவ்வாற்றானும் அசையாவிடின் 'பி' முனைக்கு மின் வருகின்றதா என முதலில் நோக்குக. எமது வண்டியில் வயரின் தாங்கி நுனி பச்சைக் களிம்பேறி உதிர்ந்திருந்தது. உப்புக் காற்று வீசும் நம் நாட்டில் இது வியப்பன்று.

தாங்கிப் பக்கக் குற்றம் பெரும்பாலும் மின்தடையில் இராது, அது உடலோடு சேரும் இணைப்பிலேயே இருக்கும். திருகாணிகளின் கீழ்த் துருவும் வர்ணமும் படிந்தால் வீண்தடை கூடி, முள் உள்ளதற்கு மேலாகக் காட்டும். கராஜ்களிற் பலர் இதனை ஆராயாது புதுக் கருவி வாங்கச் சொல்வது எமக்கு உடன்பாடன்று. தடையின் விளிம்பிலிருந்து உடலுக்குத் தனி வயர் ஒன்று இட்டுப் பார்த்தபின் வாங்கலாம். பித்தளை மிதவையில் ஊசித்துளை விழுந்து பெற்றோல் புகுந்தால் அது அமிழ்ந்து வெறுமை காட்டும். காதருகே ஆட்டினால் ஒலி கேட்கும்.

1960 களின் நடுப்பகுதியிலிருந்து வந்த பல ஆங்கிலக் கார்களில் இவையெல்லாம் தலைகீழ். அவற்றின் மானி வெப்பத்தால் வளையும் ஈருலோகத் தகட்டினால் இயங்குவது. முள் மெல்ல ஏறும். வயர் அறுந்தால் வெறுமையும், உடலோடு இணைத்தால் நிறைவும் காட்டும். நெடுநேரம் இணைத்து வைக்கலாகாது. வெப்பமானியும் பெற்றோல் மானியும் ஒருங்கே பிழைபட்டால் இரண்டுக்கும் 10 வோல்ற்று அளவில் மின் வழங்கும் நிலைப்படுத்தியை ஐயுறுக.

1990 களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடுக்கப்பட்டிருந்தபோது இக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்நாளில் முள்ளைப் பார்த்தோர் சிலரே. தென்னை ஈர்க்கைத் தாங்கியுள் விட்டு நனைந்த அளவைப் பார்த்தனர். யாம் இப்போது வர்ணம் பூசாத மரச்சலாகை ஒன்று வைத்திருக்கின்றோம். சமதரையில் வண்டியை நிறுத்தி, வெறுந்தாங்கியில் ஐந்தைந்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் நனைந்த இடத்தில் கத்தியாற் கீறிக்கொண்டோம். ஊற்றுவாய்க் குழாய் வளைந்த வண்டிகளில் சலாகை இறங்காது. அவற்றுக்கு ஈர்க்கே தகும்.