ஈரோட்டிலிருந்து செல்போனுக்கு வந்த எழுத்து



செல்போன் கையில் கிடைச்சதும் நாம முதல்ல என்ன செய்வோம்? வால்பேப்பர் மாத்துவோம், ரிங்டோன் மாத்துவோம். ஆனால் அதில் தெரியும் தமிழ் எழுத்துக்கு இந்த வடிவம் எப்படி வந்தது தெரியுமா? அந்தக் கதையில் முக்கியமான பகுதி நம்ம ஈரோட்டில் நடந்தது.

ஓலையும் ஈயமும்

எழுதும் பொருள் மாறினால் எழுத்தும் மாறும். பனை ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். எ, ஏ, ஒ, ஓ குழப்பம் தீர வீரமாமுனிவர் (1680–1747) வடிவத்தை மாற்றினார்.

அப்புறம் அச்சகம் வந்தது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு சின்ன ஈயத் துண்டு. அதைக் கையால் பொறுக்கி அடுக்கணும். 'கை', 'தை' எழுத ஒரே இணைக்கொம்பு (ை) போதும். ஆனால் அன்றைய 'லை', 'னை' யானைத் துதிக்கை மாதிரி வளைஞ்சு எழுத்தோடு ஒட்டியிருக்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். 'ணா, றா, னா'வுக்கும் கால் தனியாக நிற்காது, சுழித்து ஒட்டிக்கொள்ளும்.

பெரியார் செய்த மாற்றம்

ஈரோட்டில் 1925-இல் தொடங்கிய 'குடிஅரசு' இதழை நடத்திய பெரியாருக்கு இந்தச் சிரமம் நன்றாகத் தெரியும். 1935-இல் தம் இதழிலேயே புதிய வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1978-இல், எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது, தமிழக அரசு 13 எழுத்துகளின் மாற்றத்தை ஏற்றது. அவை:

ணா, றா, னா
ணை, லை, ளை, னை
ணொ, றொ, னொ
ணோ, றோ, னோ

பிறகு சிங்கப்பூரும் மலேசியாவும் ஏற்றுக்கொண்டன.

கணினியில் தமிழ்

மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார். ஆப்பிள் கருவிகளில் உள்ள 'இணைமதி' எழுத்துருவும் அவருடையதுதான். முன்பெல்லாம் ஒருவர் அனுப்பிய எழுத்துரு நம் கணினியில் இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் கிறுக்கல்தான் தெரியும். யூனிகோடு பரவியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. 2010 ஜூனில் நம்ம கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது.

நாம் இழக்கக் கூடாதது

மாற்றம் நல்லதுதான். ஆனால் ஒரு விஷயம். எங்க அப்புச்சியின் பழைய கணக்கு நோட்டைப் பிரிச்சா, 'விலை' என்ற சொல்லையே என்னால் படிக்க முடியலை. அம்மாயிதான், "இதென்ன சாமி, துதிக்கை லை-ங்க கூடத் தெரியாதா?" என்று சொல்லிக்கொடுத்தாங்க. வீட்டுப் பத்திரம், கடிதம், பழைய புத்தகம் எல்லாம் இந்த எழுத்தில் இருக்கு. 13 எழுத்து தெரியாததால் அவை நமக்குப் பூட்டிய பெட்டி ஆகிடக் கூடாது. செல்போனில் சாதாரணமாக அவற்றை அடிக்க முடியாது. ஆனால் இது கையெழுத்துப் பத்திரிகை ஆச்சே! வலது ஓரத்தில் பென்சிலால் வரைஞ்சிருக்கேன், பார்த்துப் பழகுங்க.

உங்கள் பாணிக்கு நாலு யோசனை

1. அலங்கார எழுத்து தலைப்புக்கு மட்டும் போதும். உள்ளே எளிய எழுத்து வையுங்க.
2. தமிழில் சுழிகள் அதிகம். ரொம்பச் சின்னதா வைத்தால் ன, ண வேறுபாடு தெரியாது.
3. மேலே 'கீ', கீழே 'கூ' என்று நீளும். அதனால் வரிகளுக்கு இடையில் தாராளமாக இடம் விடுங்க.
4. தாத்தா பாட்டி செல்போனில் எழுத்தின் அளவைப் பெரிசாக்கி, பின்னணியை வெறுமையாக வையுங்க. படம் மேல் எழுத்து வந்தால் அவங்களுக்குப் படிக்கச் சிரமம்.

இன்னைக்குச் சாயங்காலம் வீட்டில் ஒரு பழைய காகிதத்தைத் தேடி எடுங்க. அந்த 13-இல் எத்தனை கிடைக்குது என்று எண்ணி, நாளைக்கு இந்தத் தாளின் அடியில் உங்க பேரோடு எழுதுங்க.