பச்சைவீட்டுச் செடிகளுக்குச் சேதனக் கலவையும் உப்பின் தொல்லையும்

பள்ளிமுனைப் பகுதித் தோட்டக்காரருக்கு உப்பைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கிணற்று நீரிலும் கடற்காற்றிலும் அதனை நாடோறும் காண்கின்றனர். திறந்த தோட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை அவ்வுப்பைக் கரைத்து மணலின் கீழே கொண்டுசெல்லும். பொலித்தீன் கூரையின் கீழ் அம்மழை விழுவதில்லை. ஆகவே பையிலிட்ட கலவையிற் சேரும் உப்பு அங்கேயே தங்கி நாளுக்கு நாள் பெருகும்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீங்கியது. அக்காலத்திற் சேதனப் பசளையின் பெருமை மிகுதியாகப் பேசப்பட்டது. அதனை எவ்வளவு இட்டாலும் தீங்கில்லை என்று கருதுவோரும் உளர். அஃது உண்மையன்று. கோழியெருவிலும் உப்புண்டு, கருவாட்டுக் கழிவைக் கேட்கவே வேண்டாம். உவர்நீரில் ஊறிய மட்டையின் தும்புத்தூளும் அத்தகையதே. நான் ஒருமுறை கழுவாத தும்புத்தூளில் தக்காளி நாற்றிட்டேன். சில நாளில் இலையோரம் கருகியது. நோயென்று எண்ணி மருந்து தெளித்தேன். மருந்தும் வீண், நாற்றும் வீண்.

தும்புத்தூளைச் சாக்கிலிட்டு நன்னீரில் மும்முறை ஊறவைத்துப் பிழிதல் வேண்டும். அதில் இரு பங்கு, சலித்த கூட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு கலந்து கொள்க. கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெல் விளைவதால் உமிக்குப் பஞ்சமில்லை. உமி கறுத்தவுடன் நீர் தெளித்து அணைத்தல் வேண்டும். சாம்பலானால் காரம் மிகும்.

உப்பிடாத மீன்குடலும் தலையும் நல்ல பசளையே. ஆயினும் பச்சையாகச் செடியடியில் இடலாகாது. சாணத்திற்கும் பூவரசு, சீமைக்கிளுவை இலைகளுக்கும் நடுவே புதைத்து, சூடு தணிந்து மண்வாசனை வரும்வரை ஏறத்தாழ மூன்று மாதம் மக்கவிடுக. நாய்கள் கிளறாதிருக்க மேலே பனையோலையும் முள்ளும் பரப்புக.

கலவை தகுமோவென்று அறிய, அதில் இருபது போஞ்சி விதையும் கழுவிய ஆற்றுமணலில் இருபதும் இடுக. போஞ்சி உப்பைத் தாங்காது. மணலிலும் பார்க்கக் கலவையில் முளைப்புக் குறைந்தால், நன்னீர் விட்டு வடித்து மீண்டும் சோதிக்க.

நட்டபின் ஊற்றும் நீரில் ஐந்திலொரு பங்காவது பையின் அடித்துளையால் வடிதல் வேண்டும். அந்நீர் உவர்நீராயின் பயனில்லை. நன்னீரைக் கூரையே தரும்: 50 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 5,000 லீற்றர் விழும். பீலிக்கும் தொட்டிக்கும் செலவுண்டு. உவர்க்கிணற்றை நம்பி நட்டு இழப்பதிலும் அச்செலவு மேல். தொட்டியை மூடி வைக்க. இல்லையேல் நுளம்பு பெருகும்.