சொல்லும் சுகமும்: மரவள்ளி

ஹம் காமாட்சி அம்பாள் தேர்த் திருவிழாவுக்கு உறவுகள் வரும்போது மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சம்பலோடு பரிமாறுவோம். "இதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?" என்று பிள்ளைகள் கேட்டால், சொல்லைப் பிரித்துச் சொல்லிக் கொடுப்போம்.

க-சா-வா: மாச்சத்து நிறைந்த வேர்க்கிழங்கைத் தரும் செடி. தாயகம் தென் அமெரிக்கா.

மா-னி-யோக்: அதே கிழங்கின் டொச்சுப் பெயர்.

டா-பி-யோ-கா: அக்கிழங்கிலிருந்து எடுக்கும் மா. நம் சவ்வரிசி இதில்தான் செய்யப்படுகிறது.

யாம்ஸ் என்பது வேறு. இராசவள்ளி அந்த இனம். பெயரில் 'வள்ளி' இருந்தாலும் மரவள்ளி அதன் உறவல்ல.

பெயரைவிட முக்கியமானது ஒன்றுண்டு. பச்சை மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. அதிலிருந்து சயனைட்டு நஞ்சு வெளிப்படும். ஆகவே ஒருபோதும் பச்சையாகக் கடிக்கக் கூடாது. தோலைத் தடிப்பாகச் சீவி, சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில், மூடாமல் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கசந்தால் உண்ணாதீர்கள். கடையில் வாங்கும் உறைந்த துண்டுகளையும் நன்றாக அவிக்கவே வேண்டும். மரவள்ளியோடு இஞ்சி கூடாது என்று ஊரில் சொல்வார்கள். இஞ்சியை விலக்கினால் மட்டும் நஞ்சு போய்விடாது.

பச்சைக்கிழங்கு 100 கிராமில் மாச்சத்து ஏறக்குறைய 38 கிராம்; புரதமோ 2 கிராமுக்கும் குறைவு. எனவே மீனோ பருப்போ சேர்த்துச் சாப்பிடுவோம். நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு உண்ணட்டும்.

சாப்பிட்டபின் தலைச்சுற்று, வாந்தி, மூச்சுத்திணறல் ஏற்பட்டால் தாமதிக்காமல் 112 ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டோம் என்று கேட்பார்கள்: "மானியோக்" என்று சொல்ல வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.