நாய்க்குக் கழிச்சல் நிற்கவில்லையா?

நாய் நன்றாகத்தான் தின்கிறது. ஆனாலும் விலா எலும்பு தெரிய இளைக்கிறது. 3 வாரமாகியும் கழிச்சல் நிற்கவில்லை. இனியும் "தானாகச் சரியாகும்" என்று விடக்கூடாது.

முதலில் குடற்புழுவைச் சந்தேகப்படுங்கள். கொக்கிப்புழு குடலைக் கடித்து இரத்தம் குடிக்கும். நாயின் ஈறு வெளுக்கும். மலம் தார் போலக் கறுக்கும். இந்தப் புழுவின் குஞ்சுகள் மண்ணில் கிடக்கும். வெறுங்காலோடு விளையாடும் நம் குழந்தைகளின் தோலிலும் நுழையும்! ஆகவே நாயின் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதையுங்கள்.

கொஞ்சம் மலத்தை மூடியுள்ள டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். நாயின் எடையைப் பார்த்துத்தான் புழு மருந்து தருவார்கள். நம் வீட்டு மாத்திரையைக் கொடுக்கலாமா? கூடாது. சில வலி மாத்திரைகள் நாயின் குடலையே புண்ணாக்கும்.

புழு இல்லையென்றால்? பல நாய்களுக்கு உணவை மாற்றினாலே குணம் தெரியும். மருத்துவர் சொல்லும் உணவை மட்டும் 2 வாரமாவது கொடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு 3, 4 வேளை. இங்கேதான் பல வீடுகளில் பத்தியம் முறிகிறது. தாத்தா பாசமாக ஒரு பஜ்ஜியைப் போட்டால் பத்து நாள் பாடும் வீண். குழம்புச் சோறு, வெங்காயம், வேகவைத்த எலும்பு எதுவும் ஆகாது. நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

வாந்தியும் இரத்தமும் சேர்ந்து, நாய் எழாமல் படுத்துவிட்டால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.