தோளை மாற்றாவிட்டால் கை சூம்பிவிடுமா?

கொச்சியின் பள்ளுருத்தியிலும் மட்டாஞ்சேரியிலும் ஒரு பாட்டி வழுக்கி விழுந்து தோளருகே எலும்பு ஒடிந்தால் போதும், எக்ஸ்ரே வருவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: “தோள் பந்தை மாத்தலைன்னா கை சூம்பிப் போயிடும்.” சொல்வது யார்? முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட ஒருவருடைய சம்பந்தி. தேய்ந்த முழங்காலும் ஒடிந்த தோளும் ஒன்றா? பிசியோதெரபி அறையில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கையைச் சூம்பவைப்பது பயம்தான். மூன்று மாதம் மாரோடு கட்டிவைத்தால் ஆபரேஷன் செய்த கையும் சூம்பும்.

வயதானவர்களுக்கு மேல்கை எலும்பின் பந்துபோன்ற தலைப்பகுதியில் வரும் முறிவுகளில் பெரும்பாலானவற்றில் துண்டுகள் அதிகம் விலகுவதில்லை. அதற்குக் கையைத் தாங்கும் ஸ்லிங் போதும். விலகியிருந்தால்? பிரிட்டனில் அப்படிப்பட்ட 250 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷனும் மறு பாதிக்கு ஸ்லிங்கும் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான ‘பிராஃபர்’ ஆய்வு அது. இரண்டு ஆண்டு கழித்தும் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. “அதில் பலருக்குத் தகடுதானே வைத்தார்கள், புது மூட்டு இல்லையே” என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். சரி, 2019-ல் ஸ்பெயின் மருத்துவர்கள் 80 வயது தாண்டியவர்களுக்கு ரிவர்ஸ் மூட்டு என்ற செயற்கை மூட்டையே வைத்து ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் வலி கொஞ்சம் குறைவு. கை செய்யும் வேலையில் பெரிய லாபமில்லை.

மூட்டு மாற்றம் யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பந்து பிளந்திருந்தால், முறிவோடு தோளும் கழன்றிருந்தால், துண்டுகள் சிதறிப் பந்துக்கு ரத்த ஓட்டம் அற்றுப்போகும் நிலை என்றால் அறுவை மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். பிரான்சின் போல் கிராமோன் 1985-ல் உருவாக்கிய ரிவர்ஸ் மூட்டில் பந்து இருந்த இடத்தில் கிண்ணம், கிண்ணத்தின் இடத்தில் பந்து. உள்தசைகள் பிய்ந்துபோனாலும் தோளைப் போர்த்தியிருக்கும் பெரிய தசை கையைத் தூக்கிவிடும். நல்ல யோசனைதான், தேவைப்படுகிறவர்களுக்கு.

குடும்பம் கலங்குவது பெரும்பாலும் நான்காம் ஐந்தாம் நாளில். தோளில் கட்டிய ரத்தம் கீழே இறங்கி முழங்கைவரை, சிலருக்கு மார்புவரை, கத்தரிப்பூ நிறத்தில் பரவும். “கை அழுகுது” என்று அலறிக்கொண்டு வருவார்கள். அழுகவில்லை, சில வாரங்களில் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்துவிடும். விரல் மரத்தாலோ, வெளுத்துச் சில்லிட்டாலோதான் ஓடிவர வேண்டும். அக்குளில் மெல்லிய பருத்தித் துணி வையுங்கள். கொச்சிப் புழுக்கத்தில் தோல் வெந்துபோகும். இரவில் சாய்வு நாற்காலி. விரல், மணிக்கட்டு, முழங்கை முதல் நாளிலிருந்தே அசைய வேண்டும். மருத்துவர் சம்மதித்ததும், பொதுவாக இரண்டாம் மூன்றாம் வாரத்துக்குள், மேசையைப் பிடித்துக் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டும் பயிற்சி. பரணிலிருந்து அண்டாவை இறக்கும் தெம்பு திரும்பாமல் போகலாம். சோறு பிசைய, ரவிக்கை போட, தலை வாரப் பெரும்பாலோருக்குக் கை வந்துவிடுகிறது.

மற்ற நம்பிக்கைகள் சட்டென்று. ஒடிந்த புதிதில் உழிச்சல், அதாவது நீவிவிடுவது, கூடவே கூடாது. சேரத் தொடங்கும் எலும்பை அது விலக்கிவிடும். ‘வயசானா எலும்பு ஒட்டாது’: ஒட்டும். ‘கால்சியம் மாத்திரை போதும்’: போதாது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு ஒடிந்தால் எலும்புப்புரை இருக்கிறதா என்று டெக்சா ஸ்கேன் பார்த்து, தேவையென்றால் அதற்கான மருந்தைத் தொடங்க வேண்டும். தோளுக்காக லட்சக்கணக்கில் புரட்டத் தயாராக இருக்கும் பிள்ளைகள், அடுத்து ஒடியக்கூடிய இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அதைவிட மலிவான வேலை ஒன்று குளியலறையில் காத்திருக்கிறது. வழவழ டைல்ஸ், நனைந்த மிதியடி, எழும்போது பிடித்துக்கொள்ள ஒரு டவல் கம்பி. அந்தக் கம்பி ஆள் எடையைத் தாங்காது. எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன்னால் சுவரில் ஆழமாகத் துளையிட்டு ஸ்டீல் கைப்பிடி போடுங்கள். கழிப்பிடத்தின் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று.